செத்த மீனும் சிவந்த முகமும்: நெருக்கடி ஒத்திகையை எப்படி நடத்துவது?

நேயர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை காலை 6.30 மணி. கீழக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் கடல் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. கரையோரம் செத்த மீன் ஒதுங்கியிருக்கிறது. 7 மணிக்குச் சிலர் அதைக் கூடையில் அள்ளுகிறார்கள். மதியம் 2.30 மணிக்கு, ராமநாதபுரத்தில் ஒரே கடையில் சூரை மீன் சாப்பிட்ட 30 பேர் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலைவலியும் வாந்தியுமாக அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். 3 மணிக்குள் ‘கடலில் விஷம் கலந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்ற ஆரம்பிக்கிறது.

பயப்பட வேண்டாம். இது ஒத்திகைக்காக எழுதிய கதை. உணவு பாதுகாப்பு, மீன்வளம், கால்நடைப் பராமரிப்பு, தோட்டக்கலை, சுகாதாரம், வருவாய் ஆகிய துறைகளின் அலுவலர்களைச் சேர்த்து உட்காரவைத்து, இப்படி ஒரு நாள் வந்தால் யார் என்ன செய்வார்கள் என்று செய்து பார்ப்பதுதான் நெருக்கடி ஒத்திகை. ஐரோப்பிய ஆணையம் 2006 முதல் நடத்திவரும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சித் திட்டத்தில் இதற்கும் இடம் உண்டு. நம் நாட்டிலும் 2024 ஆகஸ்டில் ராஜஸ்தானின் அஜ்மீரில், விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோயை வைத்து ஒரு தேசிய ஒத்திகை நடந்தது. நம் கடற்கரையில் இதை எப்படி நடத்தலாம் என்று இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. முதலில் மேசை ஒத்திகை போதும். ஒரு அறை, 15 முதல் 20 பேர், 3 மணி நேரம், 12 செய்திச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் நேரம், யாரிடமிருந்து யாருக்கு வந்த செய்தி, என்ன செய்தி என்று எழுதியிருக்கும். நடத்துபவரிடம் உள்ள பிரதியில் மட்டும் ‘என்ன நடக்கவேண்டும்’ என்று கூடுதலாக ஒரு வரி இருக்கும். பதிலை வாயால் சொன்னால் ஏற்கக்கூடாது. ‘மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிடுவோம்’ என்று ஒருவர் சொன்னால், ‘எந்த எண்ணுக்கு? இப்போதே கூப்பிடுங்கள்’ என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் முதல் ஓட்டை தெரியவரும். பட்டியலில் உள்ள எண் மாறுதலாகிப் போன அலுவலருடையதாக இருக்கும்.

கூப்பிடும்போதும் சீட்டைப் படிக்கும்போதும் முதலிலும் கடைசியிலும் ‘இது ஒத்திகை’ என்று சொல்லியே ஆகவேண்டும். ஒத்திகைச் சீட்டைப் படம் எடுத்து ஒருவர் வெளியே அனுப்பிவிட்டால், மறுநாள் ஏலத்தில் மீன் விலை சரிந்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அடிபடும். எனவே ஒவ்வொரு தாளின் தலையிலும் அடியிலும் ‘ஒத்திகை’ என்று பெரிதாக அச்சிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பொதுமக்கள் யாராவது 1077-க்குக் கூப்பிட்டுக் கேட்டால், அங்கிருப்பவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கதைக்குள் இருக்கும் பொறியைச் சொல்கிறேன். காலையில் செத்த மீனுக்கும் மதியம் சிவந்த முகத்துக்கும் சம்பந்தம் இல்லை. கடல் பச்சையானது நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகியதால். பூங்கோரை என்று நம் கரையில் சொல்வார்களே, அதுதான். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் அது பெருகியபோது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்தன, பவளப்பாறைகளும் பாதிக்கப்பட்டன. சாப்பாட்டுக் கடையில் நடந்தது வேறு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால், பாக்டீரியா அதை, ஒவ்வாமை போன்ற அறிகுறிகளை உண்டாக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். குழம்பில் கொதித்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அது போகாது. பார்க்க மீன் நன்றாகவே இருக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும்.

இரண்டையும் முடிச்சுப் போட்டு, ‘கடல் மீனைச் சாப்பிடாதீர்கள்’ என்று 4 மணிக்கே அறிவித்துவிடுகிறார்களா என்று பார்ப்பதுதான் இந்த ஒத்திகையின் நோக்கம். 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மே மாதக் கடைசியில் ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி போட்டார்கள். ஜூன் மாதம்தான் தெரிந்தது, காரணம் முளைகட்டிய பயிர் என்று. ஆராய்ந்து கொண்டுபோனபோது, எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தில் போய் நின்றது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் காய் வாங்க ஆளின்றி அழுகியது. நம் நாட்டுப்படகு மீனவருக்கு அந்த நிலை வரக்கூடாது. தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்: ஒதுங்கிய செத்த மீனை எடுக்காதீர்கள், விற்காதீர்கள், இன்ன கடையில் சாப்பிட்டவர்கள் மருத்துவமனைக்கு வாருங்கள், அடுத்த தகவல் இத்தனை மணிக்கு. இந்த 3 வரியை எழுதி, யார் பெயரில் வெளியிடுவது என்று முடிவெடுக்க 30 நிமிடம் கொடுங்கள். பல துறைகள் சேரும்போது அதற்கே திண்டாடிப்போவார்கள்.

அடுத்து மாதிரி எடுப்பது. கடையில் மிஞ்சிய குழம்பு, சமைக்காமல் மீதியிருக்கும் அதே சரக்கு மீன், இரண்டும் வேண்டும். ஹிஸ்டமின் எல்லா மீனிலும் ஒரே அளவாக இருக்காது. ஒரு மீனில் உச்சத்தில் இருக்கும், பக்கத்து மீனில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றிய விதி ஒரு சரக்கிலிருந்து 9 மாதிரி கேட்கிறது. அவற்றின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, 2 மாதிரி மட்டும் 100-க்கும் 200-க்கும் இடையில் இருக்கலாம், ஒன்றுகூட 200-ஐத் தாண்டக்கூடாது. ஒரே ஒரு மீனை எடுத்து அனுப்பி, ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு வந்து கடையைத் திறந்துவிட்டால்? மாதிரியை ஐஸில் வைக்காமல் ஜீப்பில் 2 மணி நேரம் கொண்டுபோனால், அந்த வழியிலேயே ஹிஸ்டமின் ஏறும்; பிறகு கடைக்காரர் கேள்வி கேட்டால் பதில் இல்லை. எனவே ஒத்திகையில் நிஜமாகவே பெட்டி, ஐஸ், வெப்பமானி, சீல் எல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடையை மூடுவதற்கும் வழிமுறை உண்டு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, நியமன அலுவலர் கடைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் அவசரத் தடை உத்தரவு கேட்க வேண்டும். அந்த நோட்டீஸை மேசையிலேயே எழுதவையுங்கள். எழுதும்போதுதான் என்ன ஆதாரம் குறைகிறது என்று தெரியும்.

பிறகு, அந்தச் சூரை எந்தப் படகில் வந்தது? ஒரு வியாபாரியை ஏலச் சீட்டோடும் பில் புத்தகத்தோடும் வரவழைத்துப் பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். கடை வரை போகும். கமிஷன் வியாபாரி வரை போகும். அதற்குமேல், 4 படகு மீன் ஒரே ஐஸ் பெட்டியில் கலந்த இடத்தில் நின்றுவிடும். வியாபாரி மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பெட்டிக்கு ஒரு படகு எண் சீட்டு, மீனும் ஐஸும் கிலோவுக்குக் கிலோ என்ற இரண்டையும் மீன் இறங்குதளத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர அந்த இடத்திலேயே பேசுங்கள்.

மீனைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பறவைக் காய்ச்சல். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கும் தனுஷ்கோடிக்கும் வலசைப் பறவைகள் வருகின்றன. சுற்றி வீட்டுக்கு வீடு நாட்டுக்கோழி. நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவு தொற்றுப் பகுதி, அங்கே கோழிகளை அழிக்க வேண்டும். அதிலிருந்து 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. உறுதி செய்வது போபால் ஆய்வகம். இதெல்லாம் மத்திய அரசின் பறவைக் காய்ச்சல் செயல்திட்டத்தில் தெளிவாக இருக்கிறது. புதைகுழி அளவும் இருக்கிறது: 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், அதில் சுமார் 1,800 கோழி.

இப்போது மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ மண்வெட்டியோடு போய்த் தோண்டிப் பாருங்கள். 2 மீட்டர் போவதற்குள் பல இடங்களில் தண்ணீர் ஊறும், மணல் சுவர் சரியும். அந்தத் தண்ணீரைத்தான் பக்கத்துக் கிணற்றில் குடிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நிலத்தடி நீர் இன்னும் மேலே நிற்கும். வலசைப் பறவைகள் இங்கே தங்கியிருப்பதும் அதே மாதங்களில்தான். ஆகவே கள ஒத்திகையைக் கோடையில் நடத்தி, ‘குழி சரியாக இருக்கிறது’ என்று எழுதிவைப்பது ஆபத்து. டிசம்பரிலோ ஜனவரியிலோ தோண்டுங்கள். தண்ணீர் வந்தால், மேட்டு நிலம் எது, அது யாருடைய புறம்போக்கு, கசியாத வண்டி எங்கே கிடைக்கும், எந்த வழியாகப் போகும் என்பதை அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரோடு சேர்ந்து வரைபடத்தில் குறித்துவிடுங்கள். முழு உடல் பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு ஒருவர் எவ்வளவு நேரம் நம் வெயிலில் வேலை செய்ய முடியும் என்பதையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். உடையைக் கழற்றும் இடத்தில்தான் தொற்றிக்கொள்ளும். அதனால் கழற்றுவதைத்தான் திரும்பத் திரும்பப் பழக வேண்டும்.

கோழி வளர்க்கும் பெண்களையும் இதில் சேருங்கள். அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு என்பது முன்பே தெரிந்தால் கோழியை உறவினர் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். கோழியோ ஆடோ வழக்கத்துக்கு மாறாகச் சாகும்போது உள்ளூர் கால்நடை மருத்துவருக்கு அன்றே சொல்லவும் துணிவு வரும்.

பயிர் நெருக்கடி மெதுவாக வரும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ போல, ஊர் ஊராகப் பரவும். 3 வாரத்தை 3 மணி நேரமாகச் சுருக்கி, ‘இப்போது 10 நாள் கழிந்துவிட்டது’ என்று தாவித் தாவி நடத்தினால் போதும்.

ஒத்திகை வீணாகப் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: மூத்த அதிகாரி எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லிவிடுவார். நான்காவது சீட்டிலேயே ‘அவர் சென்னையில் கூட்டத்தில் இருக்கிறார், கைபேசி எடுக்கவில்லை’ என்று எழுதிவிடுங்கள். அடுத்த நிலையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பாளர் நேரத்தோடு குறிக்கட்டும். முடிந்த அரை மணிக்குள், சாப்பிடப் போவதற்கு முன்பே, எல்லோரும் பேசவேண்டும். கீழ்நிலை ஊழியர் முதலில் பேசட்டும். கண்ட குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. 6 மாதத்தில் அதே சீட்டுகளை எடுத்து மறுபடி பாருங்கள்.

அந்த இரண்டாவது ஒத்திகை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விழுந்தால் நல்லது. அப்போது விசைப்படகு மீன் வராது. வெளியூர் மீன் லாரியில் வரும். படகு எண்ணுக்குப் பதிலாக லாரி எண், எந்த ஊர், எப்போது ஐஸ் போட்டது என்று கேள்விகளே மாறிவிடும். சீட்டுகளை அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.