புது மின்னடுப்பும் பழைய வயரும்

வணக்கம் நேயர்களே.

சென்ற மாதம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் அனுப்பிய காசில் வாங்கிய மின்னடுப்பு, பெட்டி பிரிக்காமல் குசினி மேசையில் இருந்தது. "தம்பி, இதைக் கொழுவிவிட்டுப் போ" என்றார். நான் அடுப்பைத் தொடவில்லை. மெயின் சுவிட்சை நிறுத்தி, சுவரிலிருந்த பிளக் பேஸைக் கழற்றிப் பார்த்தேன். வயரின் உறை கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. வயரை இறுக்க வேண்டிய திருகாணி கையாலேயே சுழன்றது. நெஞ்சு பதறிவிட்டது.

அந்த வீட்டு வயர் நான்கைந்து மின்குமிழ், ஒரு மின்விசிறி, ஒரு வானொலி என்று கணக்குப் போட்டு இழுத்தது. 1990இல் போரால் கரண்ட் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம் முடிந்து கரண்ட் திரும்பி வந்தபோது, ஆறப்போட்ட அதே வயரில்தான் பலரும் மீண்டும் இணைப்பு எடுத்தோம். பிறகு குளிர்சாதனப் பெட்டி வந்தது, தண்ணீர் மோட்டர் வந்தது. வயர் மட்டும் மாறவில்லை.

கணக்கு எளிது. வாட்டை 230ஆல் பிரித்தால் அம்பியர். 2000 வாட் ஒற்றை அடுப்பு ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், நல்ல 13 அம்பியர் பிளக் பேஸ் இருந்தால் தாங்கும். ஒவனோடு சேர்ந்த நான்கு தட்டு அடுப்பு அப்படியல்ல. எல்லாம் ஒன்றாக எரிந்தால் 7000 வாட்டைத் தொடும். அது 30 அம்பியர். பெரும்பாலான வீடுகளுக்கு மின்சார சபை தந்திருக்கும் இணைப்பு முழுவதுமே 30 அம்பியர்தான். அப்படியான அடுப்புக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், சுமை கூடினால் கரண்டை நிறுத்தும் தனி பிரேக்கர் வேண்டும். இணைப்பைக் கூட்டவும் வேண்டியிருக்கலாம். இதைக் கடைக்குப் போகுமுன் பாருங்கள்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே" என்று பலர் சொல்கிறார்கள். அது கசியும் மின்சாரத்தைப் பிடிப்பது; உயிர் காப்பது. வயர் சுமை தாங்காமல் சூடாவதை அது பார்க்காது. அந்த வேலை பிரேக்கருடையது. அடிக்கடி விழுகிறதென்று பிரேக்கரைப் பெரிதாக மாற்றியிருந்தால், தயவுசெய்து இன்றே ஆளைக் கூப்பிடுங்கள். காவல்காரனைக் கட்டிப்போட்டதற்குச் சமம் அது.

கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் ஏர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். நமது செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். கோடையில் மண் காய்ந்தால் ஏர்த் கம்பி இருந்தும் பயன் குறைந்துவிடும். தண்ணீர்க் குழாயில் ஏர்த் கட்டிய வீடுகளும் உண்டு. இரும்புக் குழாய் பிவிசி ஆன நாளோடு அந்த ஏர்த் போய்விட்டது. உலோக உடம்புள்ள அடுப்பை ஈரக் கையோடு தொடுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தான் வேலை செய்தாலும் ஏர்த் சரியென்று ஆகாது. கருவி வைத்து அளக்கத்தான் வேண்டும். மெகர் என்ற கருவி வைத்து, வயரின் உறை மின்சாரத்தைச் சரியாகத் தடுக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரில் அடுப்பைக் கொழுவ வேண்டாம்.

பெரியம்மா வீட்டில் குசினிக்குப் புது வயர் இழுத்து, கிணற்றடியின் ஈர மண்ணில் புதிதாக ஏர்த் இறக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அந்த அடுப்பில் பால் காய்ச்சினார். அரை மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடில்லை.