ஒரு திருகுகூட நகராத நிறமாலைமானி

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தச் சிறு கண்ணாடித் துண்டைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். சற்றே சாய்த்ததும் மயில்கழுத்து நிறம் ஓடுகிறது அல்லவா? மில்லிமீட்டருக்கு 1200 கோடுகள் கொண்ட கீற்றணி இது; அதாவது, நெருக்கமான கோடுகளால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு. ஓரத்தை மட்டுமே பிடித்திருக்கிறேன். இதன் முகத்தில் விரல்ரேகை பதிந்தால் துடைத்தெடுப்பது மிகக் கடினம்.

ஒளியை அலைநீளங்களாகப் பிரித்து அளக்கும் கருவியே நிறமாலைமானி. நான் பழகிய பழைய நிறமாலைமானியில் இத்தகைய கீற்றணியை ஒரு திருகுதான் சுழற்றும். அதன் மரை தேய்ந்த பிறகு, சோடியம் விளக்கு தரும் ஒரே நிறக்கோடு முன்னோக்கிச் சுழற்றும்போது ஓரிடத்திலும் பின்னோக்கிச் சுழற்றும்போது வேறோரிடத்திலும் தெரிந்தது. காலைப்பொழுதெல்லாம் அளவுதிருத்தத்திலேயே கழிந்தது. எதையும் சுழற்றாமலே நிறமாலை தரும் ஸ்பேஷியல் ஹெட்டரோடைன் வகைக் கருவிமீது எனக்கு இவ்வளவு பற்று வந்ததற்கு அதுவே காரணம்.

ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியின் இரு ஆடிகளுக்குப் பதிலாகக் கீற்றணிகளைச் சாய்வாக வைத்தால் இக்கருவி கிடைத்துவிடும். லிட்ரோ அலைநீளம் எனப்படும் ஒன்றுக்கு மட்டும், இரு பாதைகளிலிருந்தும் திரும்பும் அலைமுகப்புகள் இணையாக வருவதால் ஒளியும் இருளும் மாறிமாறி வரும் பட்டைகள் தோன்றுவதில்லை. அதிலிருந்து விலக விலக, அவை ஒன்றையொன்று சாய்வாக வெட்டி, மேன்மேலும் நெருக்கமான பட்டைகளைக் கேமராச் சில்லின்மேல் வரைகின்றன. அந்த ஒரே படத்தை, எந்தெந்த நெருக்கத்தில் பட்டைகள் உள்ளன எனப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் மாற்றம் என்ற கணக்குக்கு உட்படுத்தினால் நிறமாலை வந்துவிடும்.

நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறனான பகுதிறன், இக்கருவியில் ஒளி படும் மொத்தக் கோடுகளின் எண்ணிக்கையே. 10 மி.மீ. அகலமுள்ள இரு கீற்றணிகள் 24,000 தருகின்றன, சோடியத்தின் 589.0, 589.6 நானோமீட்டர் கோடுகளைப் பிரிக்க 1000 போதும். இதோ திரையில் சோடியம் விளக்கின் பட்டைகள்: சுருதி சேராத இரண்டு தந்திகளின் ஒலிபோல, தெளிவதும் மங்குவதுமாக இருக்கின்றன. லிட்ரோவுக்கு இருபுறமும் உள்ள அலைநீளங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்பதால் குறுகிய வடிகட்டி அவசியம். அகன்ற நிறமாலை வேண்டுவோருக்கு இது ஏற்றதன்று.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹார்லாண்டரும் ஃப்ரெட் ரோஸ்லரும் வளர்த்த இம்முறை, 2007-இல் ஷிம்மர் கருவியாக விண்ணுக்குச் சென்றது. கற்றை பிரிப்பான் முதல் கீற்றணி வரை ஒரே கட்டியாக இணைக்கப்பட்ட அதன் குறுக்கீட்டுமானி, 308 நானோமீட்டரை ஒட்டி வளிமண்டலத்தின் ஹைட்ராக்சிலை (OH) அளந்தது. 2019-இல் ஏவப்பட்ட நாசாவின் ஐகான் செயற்கைக்கோளில் இருந்த மைட்டி கருவியோ, ஆக்சிஜனின் 557.7, 630.0 நானோமீட்டர் ஒளியைக் கொண்டு மேல்வளிமண்டலக் காற்றை அளந்தது. வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அலைநீளத்தை மாற்றுவது பத்துக் கோடியில் ஏறத்தாழ மூன்று பங்கு மட்டுமே. அவ்வளவு நுண்ணிய மாற்றத்தை, எதையும் நகர்த்தாமல், பட்டைகளின் இடப்பெயர்ச்சியிலிருந்தே அது படித்தெடுத்தது.