குணமா, கூட நிற்கும் படையா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். படைவீரரின் மன உறுதிக்குப் பெரிதும் காரணம் அவர் குணமா, அவரைத் தாங்கி நிற்கும் படையா என்பது கேள்வி. படைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வைச் சொன்னார். ஒரு சொல்லைக் காட்டி, 15 நொடியில் மனதில் பட்டதை எழுதச் சொல்லி, குணம் பார்த்துத்தானே அதிகாரிகளை எடுக்கிறார்கள் என்றார். சரி, குணத்துக்கும் பங்கு உண்டு. எளிதில் பதறாதவர்களும் நெருக்கடியைச் சவாலாக எடுத்துக்கொள்பவர்களும் கூடுதலாகத் தாங்குகிறார்கள் என்று ஆய்வுகளே சொல்கின்றன. ஆனால் எவ்வளவு பங்கு?

அமெரிக்கா அதைச் சோதித்தே பார்த்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில், "இவன் மனம் தாங்காது" என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படி வடிகட்டி எடுத்த படையிலும் மனம் உடைந்தவர்கள் முதல் உலகப் போரைவிட அதிகம். 1944இல் அந்த முறையையே கைவிட்டார்கள்.

இன்னொன்று கேளுங்கள். அப்பெல், பீபி என்ற இருவர் இத்தாலிப் போர்முனையை ஆராய்ந்து 1946இல் எழுதினார்கள். 200 முதல் 240 நாள் சண்டையில் நின்றால் எப்பேர்ப்பட்ட அமெரிக்கக் காலாட்படை வீரரும் ஓய்ந்துபோகிறார். பிரிட்டிஷ் வீரர் 400 நாள் தாங்குவார் என்பது அவர்கள் படையின் கணக்கு. பிரிட்டிஷ்காரருக்கு மட்டும் பிறவியிலேயே இரண்டு மடங்கு திடமா? 12 நாளுக்குள் ஆளைப் பின்னால் அழைத்து 4 நாள் ஓய்வு கொடுத்தார்கள், அவ்வளவுதான்!

நம் சியாச்சினுக்கு வாருங்கள். அங்கே ஒருவரோடு ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். பனிப்பிளவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். 2016 பிப்ரவரியில் சோனம் போஸ்டில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் உட்படப் பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியது. நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றான பிறகும், 19,000 அடிக்கு மேலே, மூச்சே முட்டும் இடத்தில், தோண்டுவதை நிறுத்தவில்லை. ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரையும் இழந்தோம். அவர் உறுதியைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் அதன்பின் அந்த மலையில் ஏறிய சிப்பாய்க்கு எது தெம்பு? நமக்கு ஒன்று என்றால் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள், தோண்டியாவது எடுப்பார்கள் என்ற நம்பிக்கைதானே! அதை எந்தத் தேர்வுத் தாளில் அளப்பீர்கள்?

நான் இவ்வளவு அழுத்திப் பேசக் காரணம் இருக்கிறது. குணம்தான் எல்லாம் என்றால், எல்லையிலிருந்து வந்து ராத்திரி தூக்கமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் "உனக்குத் திடம் பத்தாது" என்று சொல்கிறோம். அவர் கூச்சப்பட்டு மருத்துவரிடமே போகமாட்டார். அவருக்கு விடுப்பு ஏன் தள்ளிப்போனது, ஓய்வில்லாமல் ஏன் நிறுத்தினார்கள் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்க வைக்கும் தீர்ப்பைத் தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி.