புகை அடங்கிய தணல் ஏன் ஆளைக் கொல்கிறது?

[காட்சி: மலை விடுதி அறை, இரவு. சாத்திய ஜன்னல் கண்ணாடியில் நீர்த்துளிகள். மூலையில் இரும்புச் சட்டி நிறைய தணல்.]

குளிர்காலத்தில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சென்றவர்கள், வெளியே கோழி வாட்டி முடித்த கரி அடுப்பை, "புகைதான் அடங்கிவிட்டதே, உள்ளே வைத்தால் கதகதப்பாக இருக்கும்" என்று அறைக்குள் எடுத்துச் சென்று, கதவைச் சாத்தி உறங்கி, காலையில் எழாமலே போன செய்திகளை நாம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். புகை அடங்கினால் ஆபத்தும் அடங்கிவிடும் என்ற அந்த நம்பிக்கைதான் பிழையானது.

[காட்சி: தணலின் அண்மைக் காட்சி. மேலே சிறு நீலச் சுடர்கள்.]

இந்த நீலச் சுடர்களைக் கவனியுங்கள். கரி போதிய காற்றின்றி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுதான் இங்கே சுடராக எரிகிறது. சுடர் அணைந்து, தணல் நீறு பூத்த பிறகும் அந்த வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். எரிந்து தீராமல் அப்படியே அறைக்குள் பரவும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் உறுத்தாது. சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்தவென்றே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள்; இதற்கு அந்த வசதியும் கிடையாது.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இது பற்றிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றன. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவை முதலில் தோன்றும். உறங்குபவருக்கு அவையும் தெரியாது.

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்பதையும் நம்ப வேண்டாம். கரி அடுப்பு வீட்டுக்குள் வரவே கூடாது. விடுதியில் இன்னொரு கம்பளி கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

[காட்சி: குளியலறைச் சுவரில் கேஸ் கீசர்.]

சமவெளி வீடுகளில் இதே வேலையைச் செய்வது கேஸ் கீசர். அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். மின்வெட்டின்போது இயக்கும் ஜெனரேட்டரை வராந்தாவிலோ மாடிப்படியின் கீழோ வைக்காமல், கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கென்றே தனி அலாரம் கிடைக்கிறது; எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி அதற்கு ஈடாகாது.

[காட்சி: விரலில் ஆக்சிமீட்டர், திரையில் 98.]

வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில், காய்ச்சலின்றித் தலைவலியும் வாந்தியும் வந்தால், அனைவரும் உடனே வெளியேறி 108-ஐ அழையுங்கள். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் 98 சதவீதம் தெரிகிறது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். வழக்கமான ஆக்சிமீட்டருக்கு இந்த நஞ்சு ஏறிய இரத்தமும் ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வெறும் காற்றைச் சுவாசித்தால் உடலிலுள்ள நஞ்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் தந்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடந்துவிடும். ஆகவே மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, அறைக்குள் கரி எரிந்தது, அல்லது கீசர் ஓடிக்கொண்டிருந்தது என்ற செய்தியைத்தான்.