டிரைவரை அப்புறம் பார்த்துக்கலாம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. கடைசியில் வந்த கேள்விகளையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசணும் என்று கூப்பிட்டார்கள். ஹெல்மெட் போடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்று சொன்னால் நீங்களும் தலையாட்டிவிட்டு, வெளியே போய் வண்டியை எடுத்து, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். எனக்கும் வேலை சுலபம்.

ஆனால் நான் வக்கீல், விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துகிறவன். என் மேசைக்கு எதிரில் வந்து உட்காருகிறவர் ஏற்கெனவே அடிபட்டவர், இல்லையென்றால் அடிபட்டுப் போனவருடைய சம்சாரம். அவர்களுக்கு ஹெல்மெட் பற்றிச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அதனால் இடித்த பிறகு முதல் பத்து நிமிஷம் ரோட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

நம்ம ஜனங்களுக்கு ஈரமே இல்லை, ஒருத்தனும் நிற்க மாட்டான், எல்லாம் வேடிக்கை பார்க்கிற கூட்டம் என்று ஒரு புகார் இருக்கிறது. நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. கேஸ் கட்டுகளில் சாட்சி வாக்குமூலம் படிக்கிறேன். ஆல்பேட்டையாக இருக்கட்டும், ரெட்டிச்சாவடியாக இருக்கட்டும், சத்தம் கேட்ட மாத்திரத்தில் டீக்கடையில் இருந்தவர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்திருப்பார், ஆட்டோக்காரர் சவாரியை இறக்கி விட்டிருப்பார், பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா புடவைத் தலைப்பைக் கிழித்துக் கொடுத்திருப்பார். ஆள் வருகிறது. வந்த கூட்டத்தில் பாதி எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. பாதிப் பேர் கீழே கிடப்பவரிடம் போகிறார்கள், மீதிப் பேர் டிரைவர் பக்கக் கதவுக்குப் போகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் 134ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விபத்து நடந்தால் வண்டி ஓட்டியவர்தான் அடிபட்டவரைப் பக்கத்து டாக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோக ஆன முயற்சி எல்லாம் எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது சட்டப்படி முதல் ஆம்புலன்ஸ் இடித்த வண்டியேதான்! ஆனால் அதே வரியில் ஒரு விலக்கு: கும்பலின் ஆத்திரத்தாலோ, தன் கையை மீறிய வேறு காரணத்தாலோ முடியாமல் போனால் தவிர. கும்பலின் ஆத்திரம் என்பது என் வார்த்தை இல்லை, சட்டத்தில் அச்சிட்டிருக்கிறது. ரோட்டில் நாம் என்ன செய்வோம் என்று பாராளுமன்றத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, நமக்காக ஒரு விதிவிலக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

டிரைவர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். லாரியோ பஸ்ஸோ, தப்பு தன் மேல் இருக்கிறதா எதிராளி மேல் இருக்கிறதா என்று அவனுக்கே அந்த நிமிஷம் தெரியாது. தெரிவது ஒன்றுதான், பெரிய வண்டி யாருடையதோ அவனுக்குத்தான் அடி. சின்ன வண்டிக்காரர் குறுக்கே பாய்ந்திருந்தாலும் சரி, அடி பெரிய வண்டிக்குத்தான். அதனால் அவன் இறங்கிச் சவுக்குத் தோப்பு வழியாக ஓடுகிறான். அது கூடப் பரவாயில்லை, வண்டி நிற்கிறது, நம்பர் இருக்கிறது. வண்டியோடு ஓடிவிட்டான் என்றால்தான் அந்தக் குடும்பம் தெருவுக்கு வருகிறது.

இதைக் கணக்காகவே சொல்கிறேன். 28 வயசுப் பையன், கொத்தனார் வேலை, மாசம் 15,000 ரூபாய் சம்பாத்தியம் என்று தீர்ப்பாயம் ஒத்துக்கொள்கிறது. சொந்தத் தொழில், 40 வயசுக்குக் கீழே என்பதால் வருங்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டச் சொல்கிறது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. ஆச்சு 21,000. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் அவன் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கணும். மிச்சம் 14,000. வருஷத்துக்கு 1,68,000. 26 முதல் 30 வயசு வரை 17ஆல் பெருக்கணும், இது 2009 சரளா வர்மா தீர்ப்பில் வந்த அட்டவணை. மொத்தம் 28,56,000 ரூபாய், ஈமச்செலவு மாதிரி இதர தலைப்புகளில் வருவது தனி. தப்பு முழுக்க எதிர் வண்டி மேல், அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அதே பையனை இடித்த வண்டி எது என்றே தெரியவில்லை என்றால்? இடித்துவிட்டுத் தப்பிய வழக்குகளுக்கு அரசு நிதியிலிருந்து உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரலுக்கு முன்னால் இதுவும் கிடையாது, 25,000தான் கொடுத்தார்கள்.

28 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு நம்பர் பிளேட். வீடியோ எடுக்கிற பையனை எல்லாரும் திட்டுகிறோம் இல்லையா, நான் திட்டுவதில்லை. தம்பி, அடிபட்டவர் முகத்தை எடுக்காதே, வண்டி நம்பரை எடு, வண்டி நிற்கிற நிலையை எடு, டயர் தடத்தை எடு என்று சொல்லுங்கள். அந்த போட்டோ பின்னால் பத்து சாட்சிக்குச் சமம்.

இந்த அடிதடிக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. பின்னால் காரில் வருகிறவர் ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்டால் போலீஸ், கோர்ட் என்று சொல்வார். கொஞ்சம் பேசவிட்டால் உண்மையான காரணம் வரும்: "நிறுத்தினா நான்தான் இடிச்சேன்னு என்னைப் போட்டுச் சாத்துவாங்க சார்." நியாயமான பயம். இடித்த வண்டி ஓடிப்போன இடத்தில், நின்ற முதல் வண்டிதான் கண்ணில் படும். காரில் ஏசியும் பின்சீட்டும் வைத்திருக்கிறவர், ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டுபோகக் கூடியவர், நம்மைப் பார்த்துப் பயந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார்.

அதனால் கூட்டம் சேர்ந்ததும் யாராவது ஒருத்தர் சத்தமாகச் சொல்லணும்: டிரைவரை அப்புறம் பார்த்துக்கலாம். சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓரமாக உட்கார வையுங்கள், வேண்டுமானால் ரெண்டு பேர் பக்கத்தில் நில்லுங்கள், கை மட்டும் வைக்காதீர்கள். அப்புறம் "யாராவது 108க்குப் போடுங்கப்பா" என்று கத்தாதீர்கள், அந்த யாராவது யாரும் இல்லை. மஞ்சச் சட்டை தம்பி, நீ போடு. அண்ணே, நீங்க பின்னால போய் வர்ற வண்டியை நிறுத்துங்க என்று ஆளைக் கைகாட்டிச் சொல்லுங்கள். ராத்திரியில் இரண்டாவது வண்டி வந்து கூட்டத்தையே அடித்துப் போன கேஸ் எல்லாம் இருக்கிறது.

கீழே கிடப்பவருக்கு நாம் செய்கிற உபசாரம் இருக்கிறதே! சோடா உடைத்து முகத்தில் தெளிக்கிறோம், தூக்கி உட்கார வைக்கிறோம், தண்ணீர் வாயில் ஊற்றுகிறோம். மூன்றுமே கூடாது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். கழுத்தெலும்பில் அடி இருந்தால் தூக்கி உட்கார வைக்கிற அந்த ஒரு அசைவிலேயே கை கால் விளங்காமல் போகலாம். ரத்தம் பீச்சுகிற இடத்தில் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள், பிடித்த கையை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். வாந்தி வருகிறது என்றால் தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி ரெண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒருக்களித்துத் திருப்புங்கள். மூச்சு விட முடிகிறது என்றால் ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். அவ்வளவுதான், நாம் டாக்டர் ஆக வேண்டாம்.

சரி, போலீஸ் பயத்துக்கு வருகிறேன். பயம் பொய் இல்லை, ஒரு காலத்தில் நிஜம். 2007இல் டெல்லியில் ஒரு பள்ளிக்கூடப் பையன் அடிபட்டு ரோட்டிலேயே கிடந்து செத்தான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி சேவ்லைஃப் அறக்கட்டளையைத் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனார். உதவி செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்து 2016 மார்ச் 30ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்று தனிப் பிரிவே சேர்த்தார்கள், 2020 செப்டம்பரில் விதிகளும் வந்துவிட்டன. நல்லெண்ணத்தில் உதவி செய்தவர் மேல், அடிபட்டவர் பிழைக்காமல் போனாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்ல நீங்களாக ஒத்துக்கொண்டால் உங்கள் வீட்டிலோ, வேலை செய்கிற இடத்திலோ, உங்களுக்கு வசதியான நேரத்தில், ஒரே தடவையில், சாதாரண உடையில் வந்துதான் விசாரிக்கணும். ஆஸ்பத்திரி வாசலில் இந்த உரிமைகளை உள்ளூர் மொழியில் எழுதி வைக்கணும் என்றும் விதி இருக்கிறது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் போட்டோ அனுப்புங்கள்.

முன்பணம் கட்டு, போலீஸ் கேஸ், வேறு இடம் பார் என்று ஆஸ்பத்திரிகள் சொல்வதை 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூடாது என்று சொல்லிவிட்டது; முதலில் உயிர், அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும். செலவு யார் தலையில் விழும் என்று யோசிக்கிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது, முதல் 48 மணி நேரம் இலவசம், விபத்து தமிழ்நாட்டுக்குள் நடந்திருந்தால் போதும், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராகவும் இருக்கலாம். 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் திட்டம் ஒன்றும் வந்திருக்கிறது, 7 நாள், 1.5 லட்சம் வரை. எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் நடந்தால் இது கை கொடுக்கும்.

ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போனால் கூட்டம் நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்து, நாட்டிலேயே முதலிடம். செத்தவர்கள் 17,884 பேர், அதில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து நாம். நாடு முழுக்கச் செத்தவர்களில் 100க்கு 44 பேருக்கு மேல் டூவீலர்காரர்கள். நம் ஊர்க் காரணங்கள் உங்களுக்கே தெரியும். யூ டர்ன் தூரமாக இருக்கிறது என்று நாலு வழிச் சாலையில் ராங் சைடில் வருவது (அப்படி வந்து அடிபட்டால் இழப்பீட்டில் உங்கள் பங்குத் தப்பைக் கழிப்பார்கள், இதை வக்கீலாகச் சொல்கிறேன்). டைமிங் தகராறில் ரெண்டு பஸ் பந்தயம் வைத்து ஓட்டுவது. பின்னால் லைட்டும் இல்லாமல் ஸ்டிக்கரும் இல்லாமல் ராத்திரியில் கரும்பு டிராக்டர். அப்புறம் புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் வருகிற முள்ளோடை, கன்னியக்கோயில் சாராயக் கடைகள். எதற்குப் போகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது ரெண்டு பேர், வரும்போது மூன்று பேர், வண்டி ஒன்று. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் சாராயக் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு, வக்கீல் கே. பாலு நடத்தியது. அடுத்த வருஷமே ஊருக்கு ஊர் விலக்கு வந்துவிட்டது. 500 மீட்டர் நடந்தால் போதை தெளிந்துவிடுமா என்பது வேறு கேள்வி.

கேள்விகளுக்கு வருகிறேன்.

ஒரு அம்மா கேட்கிறார்: ராத்திரியில் நான் தனியாக ஸ்கூட்டியில் வருகிறேன், யாரோ விழுந்து கிடக்கிறார், நிறுத்தணுமா? கட்டாயம் இல்லைம்மா. வழியில் போகிறவர் உதவியே ஆகணும் என்று சட்டம் சொல்லவில்லை, இறங்காததற்குத் தண்டனையும் இல்லை. கொஞ்சம் தள்ளி, வெளிச்சமான கடை எதிரில் நிறுத்தி, 108க்கோ 112க்கோ இடத்தைச் சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.

ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் கேட்டது எனக்குப் பிடித்த கேள்வி. சீட்டில் ரத்தம், அன்றைக்குப் பொழப்பு போச்சு, யார் கொடுப்பார்கள்? நேர்மையாகச் சொன்னால், சீட் கழுவுகிற காசை யாரும் கொடுப்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றியவருக்கு மத்திய அரசு வெகுமதி உண்டு. 2021இல் 5,000 ரூபாயாக இருந்தது, இப்போது 25,000. மாவட்ட அளவில் குழு பார்த்துத்தான் கொடுக்கும், எல்லா சவாரிக்கும் கிடைக்காது. பெயர் சொல்லக் கட்டாயமில்லை என்றேன் இல்லையா, வெகுமதி வேண்டுமென்றால் மட்டும் பெயரைச் சொல்லித்தான் ஆகணும். ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறவர்கள் சேர்ந்து, அன்றைக்கு ஆள் ஏற்றிப் போனவருக்கு ஒரு சவாரியை விட்டுக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், அதற்கு எந்தக் குழுவும் வேண்டாம்.

கடைசியாக, எல்லையில் விழுந்தால் எந்த ஸ்டேஷன், எந்த ஆஸ்பத்திரி என்று பின்வரிசையில் கேட்டார்கள். ஸ்டேஷனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்கிப் பதிவு பண்ணி உரிய இடத்துக்கு அனுப்பணும். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆஸ்பத்திரி விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு பிடிவாதம், எங்கே அடிபட்டாலும் நேரே ஜிப்மர். நல்ல ஆஸ்பத்திரிதான், ஆனால் அது புதுச்சேரிக்கு அந்தப் பக்கம், கோரிமேட்டில் இருக்கிறது. கிருமாம்பாக்கத்தில் விழுந்தவரை அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை என்று மாலை நேர நெரிசலில் ஊரையே கடந்து கொண்டுபோவதற்குள் ரத்தம் எவ்வளவு போயிருக்கும்? 108 வந்துவிட்டால் எங்கே போவது என்று அதில் இருக்கிறவர் முடிவு செய்யட்டும். வரவில்லை, ஆட்டோவில்தான் ஏற்றுகிறோம் என்றால், ரத்தத்தை நிறுத்தக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள், அங்கிருந்து அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போன் பண்ணும்போது "பாண்டி ரோடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஊர்ப் பேர், கடலூரிலிருந்து போகும்போது இடது பக்கமா வலது பக்கமா, எதிரில் என்ன கடை, இந்த மூன்றையும் சொல்லுங்கள்.