யானை எங்கே நிற்கிறது?

எல்லோருக்கும் வணக்கம்.

யானைக்கும் மனிதனுக்கும் நடக்கிற மோதலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஊர் ஊராக எடுத்துப் பேசினால் விடிந்துவிடும். வால்பாறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காபியும் வைத்தார்கள். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் என்று காடுகள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற யானை எஸ்டேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பகலில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும் சோலையிலும் ஆற்றோர மரங்களுக்குள்ளும் நிற்கும். இருட்டினால் தேயிலைக்குள் இறங்கி நடக்கும். தேயிலையை அது தின்பதில்லை, அது வேறு விஷயம்.

இங்கே மனிதர்கள் எப்படிச் செத்தார்கள் என்று பார்க்க வேண்டும். யானை வீடு புகுந்து மிதித்துக் கொன்றது என்றுதான் வெளியூரில் நினைக்கிறார்கள். பெரும்பாலான சாவுகள் அப்படி நடந்தவை அல்ல. வேலை முடிந்தோ டவுனுக்குப் போய்விட்டோ வருகிறவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டை நோக்கி இருட்டில் நடக்கிறார். பனி வேறு. வளைவில் யானை நிற்பது பத்தடி தூரத்துக்கு வரும்வரை தெரியாது. யானைக்கும் அதே திடுக்கிடல்தான். அங்கே யானை நிற்கிறது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் அந்த வழியில் போயிருக்கவே மாட்டார்.

2002 முதல் அங்கே யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் ஆய்வு அமைப்பு பிடித்துக்கொண்டது இந்த ஒரு விஷயத்தைத்தான். இன்றைக்கு யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்தாக ஓடவிட்டார்கள். அப்புறம் செல்போனுக்குக் குறுஞ்செய்தி, படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளையும் வைத்தார்கள். செல்போனிலிருந்தே அவற்றை எரியவிடலாம். பக்கத்தில் யானை வந்தால் அந்த ஊர்க்காரரே எரியவிடுவார். தூரத்திலிருந்தே தெரியும். வனத்துறையும் எஸ்டேட்டுகளும் கூடச் சேர்ந்துகொண்டன. சாவு வெகுவாகக் குறைந்தது. இந்த வேலைக்காக அந்த அமைப்பின் ஆனந்த குமாருக்கு 2015இல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கொடுத்தார்கள். தினைப்புனத்தில் பரண் கட்டிக் காவலிருந்த சங்க காலத்து ஆட்களுக்கு இந்த விளக்கைக் காட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள்.

நாம் கேட்பது என்னவோ எப்போதும் ஒன்றுதான்: பிடித்துக்கொண்டு போங்கள். சரி, பிடித்தோம். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கம் சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்து ஆனைமலைக் காட்டின் வரகளியாற்றில் விட்டார்கள். சில நாளில் உடுமலைப் பக்கம் வந்து கரும்புக்குள் நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து முகாம் யானையாக்கினார்கள். 2023இல் தர்மபுரியில் பிடித்த மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, ஆனைமலைக் காட்டில் விட்டார்கள். அது கோவை நகருக்கே நடந்து வந்துவிட்டது. திரும்பப் பிடித்து விட்டார்கள், திரும்ப வெளியே வந்தது. ஜூலையில் இன்னொரு தரம் பிடித்துக் கொண்டுபோய் விட்ட இடம் எது தெரியுமா? வால்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கல்லாறு! ஒரு ஊரின் தொல்லையை லாரியில் ஏற்றி இன்னொரு ஊரில் இறக்குகிறோம். கேரளத்தில் பிடித்து வேறு காட்டில் விட்டும் கம்பம் ஊருக்குள் வந்த அரிக்கொம்பன் கதை உங்களுக்கே தெரியும். ஆளையே கொல்கிற யானை என்று உறுதியானால் பிடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதையே முதல் மருந்தாக எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வால்பாறையில் யானை சுவரை உடைப்பது பெரும்பாலும் ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும்தான். அரிசி, பருப்பு, உப்பு வாசனை. அந்த மூட்டைகள் இருப்பதோ லைன் வீடுகளை ஒட்டி. அரிசியை அங்கே சேர்த்து வைக்காமல் வண்டியில் கொண்டுவந்து அன்றைக்கே கொடுத்துவிட்டுப் போனால் யானைக்கு அங்கே என்ன வேலை?

இங்கே அதிகாரிகளும் வந்திருக்கிறீர்கள். கும்கி, மயக்க ஊசி, லாரி, நாட்கணக்கில் நிற்கிற ஆட்கள் என்று ஒரு யானையைப் பிடிக்கச் செலவு செய்கிறோம். அதில் ஒரு பங்கை எடுத்து, ராத்திரி கடைசி பஸ் லைன் வாசல்வரை போய் ஆட்களை இறக்கிவிட ஏற்பாடு செய்யுங்கள். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு விளக்கு எரியட்டும். கெட்டுப்போன சிவப்பு விளக்கை மழைக்காலத்துக்கு முன்னால் சரிபார்க்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.