ஒன்பதரைக் கல் நத்தை

வணக்கம், எல்லாரும் பசியாறிவிட்டீர்களா? நான் இன்னும் இல்லை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் சாயம் வாங்கிக்கொண்டு இப்போதுதான் தோட்டத்துக்குத் திரும்பினேன். மோட்டாரை நிறுத்தியதும் கேமராவைப் போட்டுவிட்டேன். நேற்றுச் சனிக்கிழமை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் ஓவிய வகுப்பில் நடந்ததைச் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கலர் அடிக்கும் தாள்களைப் பற்றி நான் கோபமாகப் பேசிய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். யாரோ போட்ட கோட்டுக்குள் பிள்ளை சாயம் பூசிவிட்டு, அதற்குப் பெயர் வான்கோ ஓவியமாம்! அந்தக் கோபம் இன்னும் குறையவில்லை. அப்புறம் சிலர் கேட்டீர்கள்: "சரி அக்கா, அஞ்சு வயதுப் பிள்ளைக்குப் போனில் படத்தைக் காட்டினால் போதாதா?"

போதாது. போனில் எல்லாப் படமும் ஒரே அளவு. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பெரிய அலையும் உள்ளங்கை அகலம், பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் சாயத் தாளை வெட்டி ஒட்டிய நத்தையும் உள்ளங்கை அகலம். உண்மையில் அந்த அலை சுமார் 25 சென்டிமீட்டர் உயரம், 37 அகலம், அவ்வளவுதான். 1831 வாக்கில் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த படம். நத்தையோ பக்கத்துக்கு ஏறக்குறைய 2.87 மீட்டர்! லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. கடலே புரளும் படம் மடியில் அடங்கும், ஒரு நத்தையின் படத்துக்கு முழுச் சுவர் வேண்டும். இதைப் பிள்ளைகள் உடம்பால் உணர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அதற்கு அலை சரியான அளவில் வேண்டுமே. வெள்ளிக்கிழமை ஒரு பிரிண்ட் கடைக்குப் போனேன். ஏ3 தாளில் கலர் பிரிண்ட் நான்கு வெள்ளி (ரிங்கிட்). "தம்பி, 37 சென்டிமீட்டர் அகலம், கூடவும் கூடாது குறையவும் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தேன். வீட்டில் வந்து அளந்தால் 41! கம்ப்யூட்டரில் தாள் அளவுக்குப் படத்தை இழுத்து நிரப்பும் 'ஃபிட்' கட்டத்தில் இருந்த டிக்கை அந்தப் பையன் எடுக்கவே இல்லை. திரும்பவும் எட்டு கிலோமீட்டர், மழை வேறு. "நாலு சென்டிமீட்டர்தானே அக்கா" என்கிறார் கடைக்காரர். ஒருவருடைய சட்டையை நாலு சென்டிமீட்டர் கூட்டித் தைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா? இரண்டாம் தாளுக்கும் நான்கு வெள்ளி வாங்கிக்கொண்டார், தள்ளுபடி ஒரு காசு இல்லை. நீங்கள் அடித்தால் 'ஆக்சுவல் சைஸ்' என்று இருப்பதை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து.

ஆனால் அந்த எட்டு வெள்ளி வீண் போகவில்லை. தாளைக் கையில் கொடுத்துவிட்டு, "இது என்ன?" என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பிள்ளை பதிலைத் தேடும், படத்தைப் பார்க்காது. "உன் கண் முதலில் எங்கே போகுது?" இதுதான் என் கேள்வி. கடைசி லயத்து வீட்டுப் பையன் மூக்கு தாளில் படும் அளவுக்குக் குனிந்தான். "டீச்சர், போட்டுல ஆளுங்க படுத்துக்கிட்டு இருக்காங்க!" மூன்று படகுகளிலும் துடுப்புக்காரர்கள் குனிந்து ஒட்டிக்கிடப்பார்கள். போனில் எத்தனை பேர் அதைக் கவனிப்பார்கள்? நடுவில் தூரத்தில் இருக்கும் ஃபூஜி மலையை எல்லாருமே குட்டி அலை என்றார்கள். நான் திருத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண்ணே, "அது மட்டும் ஆடாம நிக்குது" என்றாள்.

அப்புறம் நத்தை. கோயில் மண்டபத்துத் தரைக்கல் ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர். ஒன்பதரைக் கல் எண்ணி, ராஃபியா கயிறு கட்டிச் சதுரம் போட்டோம். அதற்குள் மூன்று பிள்ளைகள் வரிசையாகப் படுத்தார்கள். மூன்றாமவளின் பாதம் மட்டும்தான் கயிற்றுக்கு வெளியே! அந்தக் கூச்சலைக் கேட்டுக் குருக்களே எட்டிப் பார்த்தார்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். வியாழக்கிழமையே வெள்ளைத் தாள்களுக்குப் போஸ்டர் கலர் பூசிக் காயவைத்திருந்தோம். கடையில் விற்கும் பளபளத் தாள் வேண்டாம், எனக்கு அது பிடிக்காது. பூசிய தாளில் தூரிகை போன தடம் தெரியும். மத்தீஸும் அப்படித்தான் செய்தார். 1941-இல் குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிறகு பெரும்பாலும் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். உதவியாளர்கள் தாளில் சாயம் பூசிக் கொடுப்பார்கள், இவர் கத்தரிக்கோலால் வெட்டுவார். நத்தையைச் செய்த 1953-இல் வயது 83. காய்ந்த தாள் சுருண்டுகொள்ளும், மேலே துணி போட்டு இஸ்திரி போட்டால் சரியாகிவிடும்.

மத்தீஸ் முதலில் ஒரு நத்தையைக் கையில் பிடித்துப் பார்த்து வரைந்தவர் என்று சொன்னேன். உடனே ஒரு பையன் வீட்டுக்கு ஓடி, ஐஸ்கிரீம் டப்பாவில் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான். நம் செம்பனையடியில் கிடக்குமே, அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை. தொட விடாதீர்கள், அதிலிருந்து கிருமி தொற்றும். டப்பாவை மூடியே, ஓட்டின் சுழியை விரலால் காற்றில் போட்டுப் பழகினோம். பிறகு துண்டுகளை வெட்டி, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வைத்தார்கள். கோணல் மாணல்தான். யாருடைய துண்டையும் நான் நகர்த்தவில்லை. சின்னவள் சதுரத்தைச் சுற்றி நடந்துவிட்டு, "டீச்சர், நான் நிக்கிறேன், இது சுத்துது" என்றாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்!

அடுத்த மாதம், துணியில் மெழுகால் கோடு போட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் முறையை ஓவியமாக்கிய பினாங்குக்காரர் சுவா தியான் தெங். மெழுகுவர்த்தியால் கோடு போட்டு, மேலே தண்ணீர்ச் சாயம். அதற்கு முன்னால் ஈப்போ பழைய டவுன். லித்துவேனியாக்காரர் எர்னெஸ்ட் சகாரெவிச் 2014-இல் அங்கே சுவரில் வரைந்த, கோப்பி குடிக்கும் தாத்தாவைப் பார்க்கப் போகிறோம். எத்தனை பிள்ளை நின்றால் அந்தத் தாத்தாவின் அகலம் வரும் என்று இப்போதே பந்தயம் நடக்கிறது. ராஃபியா கயிறு பாதி உருண்டை மிச்சம் இருக்கிறது, அதையும் எடுத்துப் போகிறேன். சரி, நான் பசியாறப் போகிறேன்.